‘தெரியலை சார்’ என்று சொல்லும் தைரியம்

பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை எம்.டி.எச். ரோட்டில் பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்தச் சாலையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாயகமாகக் கொண்ட நான்கு நிறுவனங்கள், தரத்துக்காகத் தொழில்துறை மிகவும் மதிக்கும் டெமிங் விருதை ஜப்பானிலிருந்து வாங்கி வந்திருக்கின்றன. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வாங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் டெமிங் விருது அதுதான். 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-இல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ் டிவிஎஸ். உலகத்தில் வேறெந்தத் தொழில் வட்டாரமும் பெருமைப்படக்கூடிய வரிசை இது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

விருதுக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகிகளுக்காக 14 விதிகளை வகுத்தவர். எந்திரம், கணக்கு, சார்ட் என்று மட்டும் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் படிப்பவர்களுக்கு எட்டாவது விதி ஆச்சரியம் தரும். வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்டு என்கிறது அது. பன்னிரண்டாவது விதி, தன் வேலையைப் பற்றித் தொழிலாளி பெருமைப்பட முடியாமல் செய்யும் தடைகளை அகற்றச் சொல்கிறது. தரத்தைப் பற்றிக் கணக்கோடு பேச வந்த மனிதர், பயத்தையும் பெருமையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தார். பயந்தவன் கொடுக்கும் எண் பொய்யாக இருக்கும், பொய் எண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தரத்தையும் கட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள், பெரும்பாலும் சிறியவை. பெரிய கம்பெனிகளுக்கு புஷ்ஷும் ஷாஃப்ட்டும் பிராக்கெட்டும் செய்து கொடுப்பவை இவை. இங்கே ஏதாவது ஒரு சிஎன்சி ஷாப்பில் எந்த நாளிலும் நடக்கக்கூடிய ஒன்றைப் பார்ப்போம்.

சேர்ந்து சில வாரமே ஆன ஒரு பையன் லேத்தில் நிற்கிறான். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட், 0.02 மில்லிமீட்டருக்கு மேல் அங்கே இங்கே போகக்கூடாது. டூலில் உள்ள இன்சர்ட் தேயத் தேய விட்டம் மெல்ல ஏறும். அவன் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்கிறான், 25.03 காட்டுகிறது. திரையில் ஆஃப்செட்டைத் திறந்து மைனஸ் 0.03 போட்டால் அடுத்த பீஸ் சரியாக வந்துவிடும். ப்ளஸ்ஸா மைனஸா என்று அவனுக்குச் சந்தேகம். தப்பாக ப்ளஸ் போட்டுவிட்டால்கூட பீஸ் பெரிதாகத்தான் வரும், மறுபடி ஏற்றிச் சரிசெய்துகொள்ளலாம். அளவுக்குக் கீழே இறங்கினால்தான் ஸ்கிராப். இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறார். ஆனால் முந்தின நாள் இன்னொரு பையன் இதே மாதிரி ஒன்றைக் கேட்டபோது, “இதுகூடத் தெரியாம எதுக்குடா வந்த?” என்று எல்லார் முன்னாலும் விழுந்த சத்தம் இவன் காதில் இன்னும் இருக்கிறது. பீஸை எடுத்து நல்லதுகளோடு பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்ததை ஏற்றுகிறான்.

பெட்டி நிறைகிறது. ஷிப்ட் முடிந்து இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டினால் நல்லது கெட்டது பிரிக்க ஆள் போட வேண்டும். மாட்டாமல் லாரி ஏறிவிட்டால், கஸ்டமர் லைனில் போய் நிற்கும். அங்கே நம் செலவில் ஆள் அனுப்பிப் பொறுக்கவேண்டும், அதோடு டெபிட் நோட். ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கேள்விக்கு இவ்வளவு விலை. முதலாளி அன்று ராத்திரி தூங்காமல் கவலைப்படுவது ரிஜெக்‌ஷனைப் பற்றி. அவர் உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்தப் பையன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைப் பற்றி.

ரிஜெக்‌ஷனாவது காசோடு போகும். பவர் பிரஸ்ஸில் வேலை செய்கிறவன் ‘சென்சார் சரியா வேலை செய்யலை, மெஷினை நிறுத்தணும்’ என்று சொல்லத் தயங்கினால் விரலோடு போகும். கையில் கட்டோடு அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போகும் தொழிலாளர்களில் சிலராவது, மெஷினில் ஏதோ சரியில்லை என்று முன்கூட்டியே தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்களாக இருப்பார்கள் என்பதை இந்த எஸ்டேட்டில் வேலை பார்த்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆகவே தன்னம்பிக்கை என்று நாம் பேசும்போது, மேடையேறிக் கைதட்டல் வாங்கும் தன்னம்பிக்கையை இங்கே சொல்லவில்லை. ‘தெரியலை சார், சொல்லிக்கொடுங்க’ என்று கூசாமல் கேட்பதும், ‘நான் போட்டது தப்பாயிடுச்சு, நிறுத்திட்டேன்’ என்று வந்து சொல்வதும்தான் வேலையிடத்தின் தன்னம்பிக்கை. அதை வளர்ப்பது மேலே நிற்பவரின் வேலை. ஆனால் அவர் ஒருவரால் மட்டும் முடிகிற வேலை இல்லை. இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது அதைத்தான்.

சூப்பர்வைசரை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். அவர் எப்படி சூப்பர்வைசர் ஆனார் என்று பாருங்கள். ஷாப்பிலேயே நல்ல டர்னராகவோ செட்டராகவோ இருந்தார். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, “இனிமே நீதான் பார்த்துக்கணும்” என்றார். சம்பளத்தில் கொஞ்சம் கூடுதல், கையில் ஒரு ரிப்போர்ட் ஷீட். ஆளை எப்படிப் பழக்குவது, தப்பை எப்படிச் சொல்வது, கோபம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு மணி நேர வகுப்புகூட அவருக்கு யாரும் எடுத்ததில்லை. தனக்கு மேஸ்திரி எப்படிக் கற்றுக்கொடுத்தாரோ அப்படித்தான் அவரும் கற்றுக்கொடுக்கிறார். அதில் பாதி திட்டு. எந்திரத்தைப் பற்றி அவருக்கு இருக்கும் நம்பிக்கையில் கால்வாசிகூட ஆளை நடத்துவதில் இல்லை. தன்மேல் நம்பிக்கை இல்லாதவர் அடுத்தவருக்கு அதை எங்கிருந்து கொடுப்பார்?

இதற்குப் பழைய, சோதித்துப் பார்த்த வழி ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அனுபவமுள்ள தொழிலாளர்கள் பட்டாளத்துக்குப் போய்விட, ஆலைக்குள் புதியவர்கள் வந்தார்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். அவர்களை விரைவாகப் பழக்குவதற்காக சூப்பர்வைசர்களுக்கென்று ‘ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்ற திட்டம் 1940-இல் தொடங்கி 1945 வரை நடந்தது. வேலை கற்றுக்கொடுக்கும் முறையை நான்கு படிகளாக்கி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். முதல் படி, ஆளின் பதற்றத்தைத் தணிப்பது. இந்த வேலையைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. இரண்டாவது, சொல்லியும் செய்தும் காட்டுவது. ஒரு சமயத்தில் ஒரு விஷயம் மட்டும், அவரால் பிடித்துக்கொள்ள முடிந்ததற்கு மேல் திணிக்காமல். மூன்றாவது, அவர் கையாலேயே செய்யவிட்டு, ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைப்பது. நான்காவது, தனியாக விடுவது. சந்தேகம் வந்தால் யாரிடம் போகவேண்டும் என்று ஆளைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டு, முதலில் அடிக்கடி வந்து பார்த்து, போகப்போகப் பார்ப்பதைக் குறைப்பது. தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்றுக்கொடுத்தவர் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்று பொருள் என்பதே அந்த முறையின் அடிப்படை. போருக்குப் பிறகு அமெரிக்கா இதை மறந்தது. ஜப்பான் எடுத்துக்கொண்டது. டொயோட்டாவில் ஆட்களைப் பழக்கும் முறைக்கு இதுதான் வேர்.

நம் ஷாப்களில் நடப்பது இரண்டாவது படியில் பாதி. ‘பாத்துக்க, இப்படித்தான்’ என்று ஒருமுறை வேகமாகச் செய்துகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்றாவது படி நடப்பதே இல்லை. புதியவனின் வாயால் ஏன் என்று சொல்லவைக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில்தான், ‘மைனஸ் போட்டா டூல் உள்ள போகும், விட்டம் குறையும்’ என்பது அவனுடைய சொந்த அறிவாகிறது. அதற்குப் பிறகு அவன் ஆஃப்செட்டைத் தொடும்போது கை நடுங்காது.

மனோதத்துவ அறிஞர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் எழுதியதும் இதற்குப் பொருந்துகிறது. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழியில் வருகிறது என்றார் அவர். தானே செய்து வென்றது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பும் மனமும் படபடக்காமல் இருப்பது. நான்கிலும் வலுவானது முதலாவது. ‘நீ நல்லா பண்ணுவப்பா’ என்ற வாய்வார்த்தைக்கு அவ்வளவு வலு கிடையாது. செய்து ஜெயிக்கும் அளவுக்குச் சிறியதாக முதல் வேலையை வெட்டிக் கொடுப்பதும், அடுத்ததைச் சற்றுப் பெரிதாகக் கொடுப்பதும்தான் மேலாளரின் திறமை. இரண்டாவது வழியையும் மறந்துவிடக் கூடாது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தன் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி விஎம்சி மெஷினை செட் செய்வதைப் பார்த்தால், எந்தச் சொற்பொழிவும் தராத துணிச்சல் அவளுக்கு வரும். அப்படி ஒருத்தி அந்த ஷாப்பில் இருக்கிறாளா என்பது முதலாளி எடுக்கும் முடிவு.

ஆவடியின் கதையே இதற்குச் சாட்சி. டாங்க் என்றால் படத்தில்கூடப் பார்த்திராத ஊர்களிலிருந்து வந்தவர்களை வைத்துக்கொண்டு, 1965-இல் கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா டாங்கை வெளியே உருட்டியது. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. வந்த பாகங்களைப் பூட்டுவதில் தொடங்கி, பாகங்களை இங்கேயே செய்வது என்று வளர்ந்து, அடுத்தடுத்த டாங்குகளுக்குப் போனார்கள். படிப்படியாக வளர்ந்த கைகள் அவை. அந்தப் பொறுமையோடு ஒரு தலைமுறையைப் பழக்கிய ஊர், இன்று மூன்று நாளில் ஆளைத் தயார் பண்ணிவிட வேண்டும் என்று ஏன் துடிக்கிறது?

‘கண்டிப்பு இல்லாவிட்டால் வேலை கெட்டுவிடும், தப்பைப் பொறுத்துக்கொண்டால் தப்பு பெருகும்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கும் இடத்தில் ‘பரவாயில்லை’ என்ற வார்த்தைக்கு இடமில்லை. ஆனால் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் பார்த்தது யோசிக்க வைக்கிறது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அங்கேதான் பிழைகள் கூடுதலாகத் தெரிந்தன. உள்ளே போய்ப் பார்த்தபோது காரணம் புரிந்தது. நல்ல வார்டுகளில் நர்சுகள் பிழையை வெளிப்படையாகச் சொன்னார்கள், பயமுறுத்தும் வார்டுகளில் மறைத்தார்கள். மறைத்த பிழையை யாராலும் திருத்த முடியாது. கண்டிப்பை வேலையின் மேல் வைப்போம். அளவு தப்பினால் பீஸை விடக்கூடாது, அதில் சமரசமே வேண்டாம். ஆனால் தப்பைக் கொண்டுவந்து காட்டியவனை அந்த இடத்தில் திட்டக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே சூப்பர்வைசர் ஒரே நாளில் செய்ய முடியும். செய்கிறவர்கள் இந்த எஸ்டேட்டிலேயே இருக்கிறார்கள்.

எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. ஷாப்பில் ‘அண்ணே’, ‘தம்பி’ என்று ஓடும் பேச்சில் ஒரு பாசம் இருக்கிறது, அதைக் குறைசொல்ல வேண்டாம். ஆனால் ‘டேய்’யும் ‘ஏய்’யும் ஒருவரின் பெயராகவே ஆகிவிடக்கூடாது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞனை எல்லாரும் ‘பையா’ என்று ஒரே பெயரால் கூப்பிடுகிற இடத்தில், அவனுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்பதையே மறந்துவிடுகிறோம். மொழி தெரியாதவன் ஏற்கெனவே பாதி ஊமை. அவனுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க, இந்தி தெரிந்த ஒரு மூத்த ஆளை ஷிப்டுக்கு ஒருவராகக் குறித்துவைப்பது பெரிய செலவில்லை.

இது லேத்தும் பிரஸ்ஸும் உள்ள இடத்துக்கு மட்டும் உரிய பேச்சு என்று நினைக்க வேண்டாம். அதே எஸ்டேட்டுக்குள் அம்பிட், இந்தியா லேண்ட் என்று ஐ.டி. பூங்காக்கள் எழுந்துவிட்டன. அங்கே கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் டீம் லீடும் போன வருஷம் வரை கோட் எழுதிக்கொண்டிருந்தவர்தான். கூட்டத்தில் ஜூனியர் பெண் ஒருத்தி, ‘இந்த ரிலீஸை இன்று விடவேண்டாம்’ என்று மெல்லச் சொன்னால் அதைக் காதில் வாங்குகிறாரா, கடந்துபோகிறாரா என்பதில்தான் அவருடைய தலைமை இருக்கிறது.

ஒரு தோல்வியைத் தலைவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு 1979-ஐ எல்லாரும் சொல்வார்கள். அந்த ஆகஸ்ட் 10-இல் எஸ்எல்வி-3 கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர் முன் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அந்த ராக்கெட்டின் திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன கதை. அதில் நாம் அதிகம் பேசாத பாதி, அதே அணியிடம், அதே கலாமிடம் தவான் வேலையைத் திரும்ப ஒப்படைத்தது. 1980 ஜூலை 18-இல் ராக்கெட் ஏறியது. பழியை ஏற்பது ஒரு நாள் வேலை. திரும்ப ஒப்படைப்பதற்கு ஒரு வருஷத் துணிச்சல் வேண்டும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப். அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் லோக்கல் ரயில் ஏறி பெரம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் தெருக்களில் ஏராளம். அந்தத் தொழிற்சாலையின் பொதுமேலாளராக இருந்த சுதான்ஷு மணி, தனி எஞ்சின் இழுக்காமல் தானே ஓடும் அதிவேக ரயிலை நம் ஆட்களே செய்யலாம் என்று நம்பினார். சுமார் 18 மாதத்தில், 2018 அக்டோபர் கடைசியில், ‘ட்ரெயின் 18’ வெளியே வந்தது. 2019 பிப்ரவரியில் அது வந்தே பாரத் என்ற பெயரில் டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ‘வெளிநாட்டிலிருந்து வாங்கத்தான் வேண்டும்’ என்ற பழக்கமான பேச்சை பெரம்பூர்க்காரர்களின் கை பொய்யாக்கியது.

பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த அணியில் இருந்த அதிகாரிகள் சிலர் மீது விஜிலென்ஸ் விசாரணை வந்தது. பின்னால் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் இடையில் போன வருஷங்கள் போனவைதான். முதல் இரண்டு ரயில்களுக்குப் பிறகு அடுத்த ரயில் ஓட 2022 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதத்துக்கு டெண்டர் சிக்கல், கொரோனா என்று வேறு காரணங்களும் உண்டு. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது சரி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் துணிந்து புதிதாக ஒன்றைச் செய்தவர்களையும் திருடியவர்களையும் ஒரே கண்ணால் பார்க்கும் முறை, அடுத்த அதிகாரியின் பேனாவைக் கட்டிப்போட்டுவிடும். நல்ல மேலாளர் பல ஆண்டுகள் வளர்த்த நம்பிக்கையை அவருக்கு மேலே உள்ள அமைப்பு ஒரு கடிதத்தில் வாடவைத்துவிட முடியும். அதனால்தான் இது மேலாளர் ஒருவரின் பொறுப்பாக நின்றுவிட முடியாது என்கிறோம்.

கீழிருந்து மேலே குரல் போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு பூந்தமல்லி சாட்சி. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகேயுள்ள ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று சொல்ல ஆளில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது. விடுதி, உணவு ஆகியவற்றின் குறைகளை ஆலையும், அதனிடம் ஐபோன் வாங்கும் ஆப்பிளும் பிறகு ஒப்புக்கொண்டன. சாப்பாடு சரியில்லை, இடம் போதவில்லை என்பது அந்தப் பெண்களுக்கு அன்று காலையில்தான் தெரிந்த சேதி இல்லை. சொல்வதற்கு ஒரு இடமும், சொன்னால் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற தெம்பும் இருந்திருந்தால், அந்தப் பேச்சு ரோட்டுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. ஆலைக்கும் ஆளுக்கும் நடுவில் காண்ட்ராக்ட் ஏஜென்சி, விடுதிக்காரர், பஸ்காரர் என்று எத்தனை கை! ஒவ்வொரு கையும் ‘இது என் பொறுப்பு இல்லை’ என்று விலகும்போது அந்தப் பெண்ணின் மேலாளர் என்று யாருமே இல்லாமல் போய்விடுகிறார்.

சட்டத்தில் வழி இருக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்க் குழு வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தில் 2010-இல் திருத்தம் வந்தது. 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது, அதில் பெண்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும் என்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொந்தரவு குறித்த உள்ளகக் குழு 2013 முதல் கட்டாயம். குழுவின் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும். அந்தப் பெயர்களில் ஒருவரிடம் போய்ப் பேசிய தொழிலாளி எத்தனை பேர் என்று ஒவ்வொரு முதலாளியும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். யாரும் வரவில்லை என்றால் குறையே இல்லை என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

பொறுப்பு யார் யாருக்கு? முதலாளிக்கு முதல் பங்கு, ஏனென்றால் சூப்பர்வைசர் யாரைப் பார்த்து நடக்கிறாரோ அவர்தான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ரிஜெக்‌ஷன் எண்ணுக்காக சூப்பர்வைசரைக் குத்திக் கிழித்தால், அந்தக் குத்து மதியத்துக்குள் லேத்தில் நிற்கும் பையனிடம் வந்து சேரும். பாகம் வாங்கும் பெரிய கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. தங்கள் ஆலைக்குள் டெமிங் சொன்னபடி பயத்தை விரட்டிவிட்டு, சப்ளையரிடம் மட்டும் டெபிட் நோட்டை வீசினால், பயத்தை ரோட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டதாகத்தான் அர்த்தம். தவறைத் தானாக முன்வந்து சொன்ன சப்ளையரையும், மறைத்து மாட்டிய சப்ளையரையும் ஒரே மாதிரி தண்டிக்காமல் இருப்பது அவர்களால் நாளைக்கே செய்ய முடிந்த ஒன்று.

ஐடிஐக்களுக்கு இன்னொரு பங்கு. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களில் நவீன எந்திரங்களை வைத்திருக்கிறது. எந்திரம் வந்தது பாராட்டத்தக்கது. அதில் கை பழகிய மாணவனுக்கு ஆலைக்குள் கேள்வி கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். வகுப்பில் தப்பான பீஸ் செய்தவனை மதிப்பெண் குறைத்து அனுப்பாமல், ஏன் தப்பியது என்று எல்லாருக்கும் விளக்கச் சொன்னால் அவன் அந்தப் பழக்கத்தோடு எஸ்டேட்டுக்குள் நுழைவான். அப்ரன்டிஸ்களை எடுப்பது 30 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் உள்ள நிறுவனங்களுக்குச் சட்டக் கடமை, மொத்தத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை. குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த கை என்று பார்க்காமல் கற்கவந்தவர் என்று பார்த்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அர்த்தம்.

தொழிற்சங்கங்கள் சம்பளம், போனஸ், நிரந்தரம் என்று போராடி வாங்கிக் கொடுத்தவை பல. பயிற்சி பெறும் உரிமையையும், மெஷினை நிறுத்தும் உரிமையையும் அதே அழுத்தத்தோடு கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியையும் வடமாநில இளைஞனையும் சேர்த்துக்கொண்டு கேட்கவேண்டும். மூத்த தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. புதியவன் கேட்டால் சிரிக்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. பல ஷாப்களில் சூப்பர்வைசரின் கோபத்தைவிட, பக்கத்து மெஷின்காரரின் கேலிக்குத்தான் பையன்கள் அதிகம் பயப்படுகிறார்கள். வீட்டில் உள்ளவர்களும், ‘வாயத் தொறக்காம இரு, வேலை நிலைக்கும்’ என்று சொல்லி அனுப்பும் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். அவர்கள் பயம் புரிகிறது. அந்தப் பயம் பொய் என்று ஆலை காட்டினால்தான் அவர்களும் மாறுவார்கள்.

‘டெலிவரிக்கு ஆளே போதலை, பயிற்சிக்கு நேரம் எங்கே?’ என்பார்கள் சின்ன ஷாப் வைத்திருப்பவர்கள். பத்துப் பேரை வைத்துக்கொண்டு வங்கிக் கடனும் கரண்ட் பில்லும் கட்டுகிறவருக்கு அது வெறும் சாக்கு இல்லை. தனியாக அவரால் முடியாது என்பதால்தான் சேர்ந்து செய்ய வேண்டும். அதற்கான இடம் எஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கிறது. உற்பத்தியாளர்கள் சங்கமான ஐமாவுக்குச் சொந்தமாகத் தொழில்நுட்ப மையம் உண்டு. தேசிய உற்பத்தித்திறன் குழுவின் டாக்டர் அம்பேத்கர் உற்பத்தித்திறன் நிறுவனம் அம்பத்தூரிலேயே இயங்குகிறது. டெமிங் விருது வாங்கிய ஆலைகளில் அந்தக் காலத்தில் குவாலிட்டி சர்க்கிள் நடத்தி, இன்று ஓய்வுபெற்று அண்ணா நகரிலும் கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் இருப்பவர்கள் நிறையப் பேர். ஆறேழு பேரை உட்காரவைத்து, கூச்சப்படும் ஹெல்பரையும் பேசவைத்து, ஒரு பிரச்சினையின் வேர் வரைக்கும் போவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் வருவார்கள்.

இப்படிச் செய்யலாம். அடுத்த ஐடிஐ பேட்ச் வெளியே வந்து அப்ரன்டிஸ்கள் ஷாப்புக்குள் நுழைவதற்கு முன்பு, ஐமாவும் உற்பத்தித்திறன் நிறுவனமும் சேர்ந்து, சிறிய ஆலைகளின் சூப்பர்வைசர்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்தட்டும். வேலை கற்றுக்கொடுக்கும் அந்த நான்கு படிகள், தப்பைத் தனியாக அழைத்துச் சொல்லும் முறை, தமிழ் தெரியாதவரைப் பழக்கும் முறை, இவை போதும். அந்த நாளுக்கு ஓ.டி. சம்பளத்தை முதலாளி கொடுக்கட்டும், வகுப்புச் செலவை அவர்களிடம் பாகம் வாங்கும் பெரிய கம்பெனிகள் ஏற்கட்டும். நான்கு படி அட்டையை நல்ல தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து, ஒவ்வொரு மெஷினின் பக்கத்திலும் மாட்டட்டும். அதன் கீழே, சந்தேகம் வந்தால் கேட்கவேண்டியவரின் பெயரும் செல்போன் எண்ணும் ஷிப்ட் வாரியாக எழுதப்பட்டிருக்கட்டும்.